பழைய காருக்கு ஜீப் விளக்கு

3-2-56, வெள்ளி

காலையில் நல்ல பனி. பால்காரர் மணி அடித்த பிறகுதான் ஆள் தெரிந்தார்.

நேற்று நடந்ததை நேற்றே எழுத மனம் வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். கம்பவுண்டர் நடராஜனைக் கந்தர்வக்கோட்டையில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து அரை மணி இருக்கும். ஆதனக்கோட்டை தாண்டி, இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. காலி ரோடு என்று நினைத்துத்தான் ஓட்டினேன். திடீரென்று கம்பவுண்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிரேக் போட்டேன். வண்டி நின்ற இடத்துக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவே ஒரு முழம்தான். தலையில் விறகுக்கட்டு. கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். ஐந்து வயது இருக்கும்.

அந்த அம்மாள் திட்டவில்லை. விறகுக்கட்டைச் சரியாக வைத்துக்கொண்டு, "வெளக்கு எரியிதா எரியலையாய்யா?" என்று கேட்டாள். பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கிவிட்டாள்.

 கம்பவுண்டர் வீட்டு வாசலில் இறங்கும்போது, தூரத்திலிருந்தே அவருக்கு அவர்கள் தெரிந்ததாகவும், நான் ஹாரன் அடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

இன்று காலை முதல் வேலையாக விளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிப்பூச்சு மஞ்சளாகிவிட்டது. திருநீறு தொட்டு மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்தேன். மிச்சம் இருந்த வெள்ளியும் துணியோடு வந்துவிட்டது. முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. பதினெட்டு வருஷ விளக்கு. இதில் என்ன வெளிச்சம் வரும்.

ஜட்ஜ் ஐயாவிடம் டிரைவராக இருந்த நாளிலிருந்து இந்த வண்டிதான். சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்ததும் அவர் ஊரோடு போய்விட்டார். வண்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எட்டு வருஷமாக வாடகைக்கு ஓட்டுகிறேன். ஒரு ஆள் மேல் உரசியது கிடையாது.

விளக்கை மாற்றிவிட வேண்டும். வீட்டுக்காரி மீனாட்சியிடம் விளக்கு போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லவில்லை.

5-2-56, ஞாயிறு

பஸ்ஸில் திருச்சி. பழைய சாமான் கடைகளில் மூன்று மணி நேரம் அலைச்சல். என் வண்டிக்கு உரிய விளக்கு எங்கும் இல்லை. ஒரு கடைக்காரர், யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த மிலிட்டரி ஜீப் விளக்கு ஒரு ஜோடி எடுத்துக் காட்டினார். கண்ணாடி, உள்பூச்சு, பல்பு எல்லாம் ஒன்றாக ஒட்டி மூடியது. தூசி புகாது, பூச்சு மங்காது என்றார். அதுவும் ஆறு வோல்ட், என் பாட்டரியும் ஆறு வோல்ட். கடையிலேயே பாட்டரி வைத்து எரித்துக் காட்டினார். பட்டப்பகலில் சுவரில் வட்டம் விழுந்தது.

ஒரே சங்கடம். ஜீப்பில் அது முன்தகட்டுக்குள் உட்காரும். என் வண்டியில் மட்கார்டுக்கு மேல் குடம்போலத் தனியாக நிற்கும். நடுவில் ஒரு தகடு செய்து பொருத்த வேண்டும்.

வைக்கோல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பலகாரமா என்று கேட்டார்.

7-2-56, செவ்வாய்

வெயில். வாடகை இல்லை. வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி வேலை ஆரம்பம்.

வலது விளக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. இடது விளக்கின் நட்டு மட்கார்டுக்கு அடியில் துருப்பிடித்து ஒன்றாகிக் கிடந்தது. சீமெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சாப்பிட்டு வந்து, மறுபடி ஊற்றி, சாயங்காலம்தான் அசைந்தது. முழங்கையில் தோல் போய்விட்டது. குடத்துக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பல்புக்குப் பின்னால், சூட்டுக்குப் பக்கத்தில், என்ன சுகமோ.

நடுவில் தானியம் விற்கிற தவசக்கடை சிதம்பரம் வந்தார். மாசியில் அவர் மகனுக்குக் கல்யாணம், 20-ந் தேதி, பெண் வீடு கந்தர்வக்கோட்டை. காலையில் முகூர்த்தம். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கே வீட்டுக்குள் காலெடுத்து வைக்க விளக்கு வைத்த பிறகுதான் நல்ல நேரமாம். அதனால் அங்கே பொழுது சாயக் கிளம்பினால் போதும். என் வண்டிதான் வேண்டும், நான்தான் ஓட்ட வேண்டும் என்றார். அவர் தங்கை கல்யாணத்துக்கும் ஜட்ஜ் ஐயா இதே வண்டியைத்தான் கொடுத்தனுப்பினார். ஓட்டியது நான்தான்.

சரி என்றேன். பிரித்துப் போட்டிருந்த விளக்குகளைக் காட்டி, அதற்குள் புது விளக்கு எரியும் என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

8-2-56, புதன்

பட்டறையில் தகடு வெட்டி வாங்கினேன். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் மூன்று சின்ன ஓட்டை. சின்ன ஓட்டைகளில் ஒன்று கால் அங்குலம் தள்ளி விழுந்துவிட்டது. அரத்தால் ராவி நீளமாக்கிக்கொண்டேன்.

தகட்டுக்கும் விளக்குக்கும் நடுவே ரப்பர் வேண்டும், இல்லாவிட்டால் குலுங்கிக் கண்ணாடி போய்விடும். பழைய டியூபை வெட்டக் கத்திரிக்கோல் தேடினேன். மீனாட்சியின் தையல் கத்திரிக்கோல்தான் கிடைத்தது. இரண்டாவது வளையம் வெட்டும்போது பார்த்துவிட்டாள். ரவிக்கை வெட்டுகிற கத்திரியில் டயர் வெட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். சாணை பிடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சாப்பாடு.

10-2-56, வெள்ளி

மச்சினன் செல்வராசு காலையிலேயே வந்துவிட்டான். மீ.யின் தம்பி. அறந்தாங்கி லயனில் பஸ் ஓட்டுகிறான். இரண்டு நாள் ஓய்வு. வயர் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன், அதை அவனிடம் சொன்னதில்லை.

பழைய வயரின் மேல்துணி கையில் எடுத்ததும் உதிர்ந்தது. உள்ளே கம்பி கறுப்பு. இத்தனை நாள் வண்டி தீப்பிடிக்காமல் ஓடியதே பெரிசு என்றான் செ. சுவிட்சிலிருந்து விளக்கு வரை முழுக்கப் புது வயர் இழுத்தோம். அவன் மட்கார்டுக்கு அடியில் படுத்தபடி வயரைத் தள்ள, நான் மேலிருந்து வாங்க. பத்து வருஷத்தில் நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் செய்த முதல் வேலை இதுவாக இருக்கலாம்.

சுவிட்ச் போட்டதும் வலது எரிந்தது. இடது எரியவில்லை. பல்பு போயிருந்தால் திருச்சிக்கு மறுபடி அலைய வேண்டும். செ. யோசித்து, எர்த் வயர் மாட்டிய இடத்தில் பெயிண்டைச் சுரண்டச் சொன்னான். இரும்பு தெரியும் வரை சுரண்டி மாட்டியதும் எரிந்தது.

மீ. வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, வண்டி முழித்துப் பார்ப்பது போல் இருக்கிறது என்றாள். உண்மைதான். பழைய விளக்கில் தூங்கி வழியும் முகம். இதில் வேறு முகம்.

11-2-56, சனி

இன்று விளக்கு திருப்பும் வேலை. எதிரே நெல் மில்லின் பின்சுவர், வெள்ளையடித்தது. சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளிச் சமதரையில் வண்டியை நிறுத்தினோம். விளக்கின் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் இரண்டு சிலுவை போட்டேன். வெயில் இறங்கியதும் ஒரு விளக்கைச் சாக்கால் மூடி, மற்றதன் வட்டம் சிலுவைக்கு இரண்டு அங்குலம் கீழே விழும்படி திருகு திருப்பி, பிறகு இதை மூடி அதை. நான் திருப்ப, செ. சுவர் ஓரம் நின்று மேலே, கீழே, அங்கிட்டு, இங்கிட்டு என்று கத்த.

தெருவே கூடிவிட்டது. திருவிழாவுக்கு மின்சாரம் போட்டது போல் இருக்கிறது என்று ஒருவர். மில் சுவரில் இருந்த விரிசல் கூடத் தெரிகிறது என்று இன்னொருவர். எனக்கும் சுவர் நன்றாகத்தான் தெரிந்தது. மனசு நிறைந்தது.

12-2-56, ஞாயிறு

சாயங்காலம் விராலிமலை ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அமாவாசை கழிந்த இருட்டு.

சரியில்லை. வெளிச்சம் இருக்கிறது, ஆனால் முன்னால் பால் தெளித்தது போல் பரவி நிற்கிறது. ரோட்டின் ஓரம் எது, புல் எது என்று பிரியவில்லை. எதிரே ஒரு லாரி வந்தது. அதன் விளக்கு இரண்டும் ஊசி ஊசியாக நாலு பக்கமும் பாய்ந்து, நடுவில் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். லாரி போன பிறகும் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

விளக்கை ரொம்ப மேலே திருப்பிவிட்டோம். வெளிச்சம் மேலே போய்ப் பனியில் பட்டுத் திரும்புகிறது. அதுதான்.

13-2-56, திங்கள்

மாசி பிறந்தது. ஸ்டேஷனுக்கு ஒரு வாடகை, பகலில். சாயங்காலம் மறுபடி மில் சுவர். சிலுவைக்கு நாலு அங்குலம் கீழே இறக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். அதே. ஆறு அங்குலம் இறக்கினேன். அதே.

செ. டூட்டி முடிந்து வந்தான். இத்தனை கீழே இறக்கினால் முன்சக்கரத்துக்குத்தான் வெளிச்சம் என்றான். நான் கண்ணாடி கோளாறு என்றேன், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றேன், அவன் இழுத்த வயர் மெல்லிசு என்றும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு கிளம்பினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, முதலில் வைத்திருந்த அளவுக்கே இரண்டையும் திருப்பி வைத்தான். ஒரு சுற்று அவனே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்தான். வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் திட்டியிருந்தால் இன்று தூக்கம் வந்திருக்கும்.

14-2-56, செவ்வாய்

நானே கேட்டுக்கொண்ட சோதனை. அதனால் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிறகு மீ.யையும் செ.யையும் ஏற்றிக்கொண்டு, திருக்கோகர்ணத்துக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டுக்குப் போனேன். வழியில் மெதுவாகத்தான் ஓட்டினேன். விளக்கைப் போட்டு நிறுத்தினேன். மீ.யை இறங்கி ரோட்டோரமாக அடி எண்ணிக்கொண்டே நடக்கச் சொன்னேன். எனக்கு அவள் தெரியாமல் போகும்போது ஹாரன் அடிப்பேன், அங்கேயே நிற்க வேண்டும். விளக்கு எத்தனை தூரம் அடிக்கிறது என்று பார்க்க, என்று சொன்னேன்.

அவள் கட்டியிருந்தது கரும்பச்சைப் புடவை. நடந்தாள். கொஞ்ச தூரத்தில் கரைந்துவிட்டாள். ஹாரன் அடித்தேன்.

செ. திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஏன் அடிச்சீங்க? அக்கா இந்தாதான போகுது."

"எங்க?"

"இந்தா, மைல்கல்லுக்கு இங்கிட்டு. நின்னுருச்சு. திரும்பிப் பாக்குது."

எனக்கு மைல்கல்லும் தெரியவில்லை. மீ. கத்திச் சொன்னாள், முப்பத்தெட்டு அடி.

நான் இறங்கி, செ.யை ஸ்டியரிங் பக்கம் வரச் சொன்னேன். நான் சுற்றிப் போய் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். இப்போது அவனுக்குத் தெரியாமல் போகும்போது அவன் அடிக்கட்டும். மீ.யைத் திரும்பி வரச்சொல்லி முதலிலிருந்து நடக்கச் சொன்னேன். எனக்கு முன்போலவே கரைந்தாள். காத்திருந்தேன். ஹாரன் இல்லை. செ.யின் கை ஹாரன் மேல் இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயோ நாய் குரைத்தது. ஹாரன் இல்லை.

கடைசியில் அவளே வந்துவிட்டாள். இருநூற்றுப் பத்து அடி எண்ணினாளாம். சத்தமே வராததால் பயந்து திரும்பிவிட்டாளாம். என்ன ஆச்சு, ஹாரன் கெட்டுப்போச்சா என்று கேட்டாள்.

செ. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"வெளக்குல ஒண்ணும் கொறையில்ல அத்தான்."

திரும்பும்போது அவனே ஓட்டினான். நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இந்த வண்டியில் இடது பக்க சீட்டில் நான் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. சீட்டின் ஸ்பிரிங் ஒன்று தொடையில் குத்துகிறது. இத்தனை வருஷம் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

15-2-56, புதன்

வண்டி எடுக்கவில்லை. ஸ்டாண்டுக்கும் போகவில்லை.

எனக்கு நானே மறைத்ததை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும்:

தீபாவளிக்கு முன்னாலிருந்தே தெருவிளக்கைச் சுற்றி வளையம். மழைக்காலம், ஈரம் என்று நினைத்தேன்.
தைப்பூசத்தன்று நிலா இரண்டாகத் தெரிந்தது. அலைச்சல் என்று நினைத்தேன்.
பஸ்ஸின் பெயர்ப்பலகை கிட்டத்தில் வந்தால்தான். பெயிண்ட் போய்விட்டது என்று நினைத்தேன்.
இரவு சவாரிக்குக் கூப்பிட்டால் டயர் சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். மூன்று தடவையோ நாலு தடவையோ. டயர் நன்றாகத்தான் இருந்தது.

ஆக, எங்கேயோ எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்திருந்தும் 2-ந் தேதி அந்த ரோட்டில் ஓட்டினேன்.

மத்தியானம் மீ. தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து விறகுக்கட்டு அம்மாளைப் பற்றிச் சொன்னேன். மிஷினை நிறுத்தினாள்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

"அஞ்சு இருக்கும்."

"எம்புட்டுப் பக்கத்துல?"

கையைக் காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். உட்கார்ந்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். முந்தானை தோளிலிருந்து முன்னால் தொங்கியது. மிதிக்கும்போதெல்லாம் சாவி மிஷின் கட்டையில் தட்டுகிற சத்தம்.

சாப்பிடும்போது மட்டும் பேசினாள். எனக்குக் கண் தெரியாதது பற்றி அவளுக்கு வருத்தம்தான், கோபம் அதில் இல்லை. பதின்மூன்று நாள் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேனே, கோபம் அதில்தான்.  

17-2-56, வெள்ளி

பெரியாஸ்பத்திரி. மீ. கூட வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். வரிசை நீளம். பதினொரு மணிக்குத்தான் என் முறை. கண் டாக்டர் நடுவயசுக்காரர், அதிகம் பேசாதவர். கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்து, ஒரு சின்ன விளக்கை வைத்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை என்றார். இன்னும் பழுக்கவில்லை, பழுத்த பிறகுதான் எடுக்க முடியும், ஒரு வருஷம் ஆகலாம். எடுத்த பிறகு தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டால் பார்வை வரும்.

என்ன தொழில் என்று கேட்டார்.

விவசாயம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. எனக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடையாது.

விவசாயம் என்றால் பாதகமில்லை, ராத்திரியில் பார்த்து நடந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மருந்து விட்ட கண்ணில் வெயில் பொறுக்கவில்லை. துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு கேட் வரை போனேன். ஒரு வாடகை வண்டிக்காரர் தெரிந்தவர், வாசலில் நின்றார். அவர் என்னைப் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றேன். பிறகு மறுபடி உள்ளே போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். என்ன, சீட்டுத் தொலைந்துவிட்டதா என்றார்.

"நான் கார் டிரைவருங்க. முந்தி தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் படிக்கவைத்தார், இரண்டு கண்ணையும் தனித்தனியே மூடவைத்து. பகலில் இப்போதைக்கு ஓட்டலாம், முகத்துக்கு நேரே வெயில் அடித்தால் நிறுத்திவிட வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு ஒரு அடிகூட ஓட்டக் கூடாது என்றார். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். பகலிலும் ஓட்டக் கூடாத நாள் வரும், அதை அவர் சொல்லுவார், நான் கேட்க வேண்டும். கேட்பேன் என்றேன்.

எதிர் வண்டி வெளிச்சம் ஏன் அப்படிப் பாய்கிறது என்று கேட்டேன். அழுக்குப் படிந்த கண்ணாடி வழியாக விளக்கைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் என்றார். புரிந்தது. அழுக்குக் கண்ணாடியைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

வீட்டில் ஒன்று விடாமல் சொன்னேன், விவசாயம் என்று சொன்னதையும். மீ. முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். சாவியைத் தினம் காலையில் தருவதாகவும், விளக்கு வைக்குமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஏற்பாடு.

18-2-56, சனி

தவசக்கடை சிதம்பரத்தைப் பார்க்கப் போனேன். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். கடையில் கூட்டம். வெல்ல மூட்டைகளுக்கு நடுவே நின்று காத்திருந்தேன். ஆள் குறைந்ததும் சொன்னேன். கண் புரை, இருட்டில் ஓட்ட முடியாது. வண்டி தருகிறேன், செ. ஓட்டுவான். பத்து வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவன், நிதானமானவன்.

அவனைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொன்னதை அவன் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

சிதம்பரம் கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய நம்பிக் கேக்கலைங்க. ஒங்கள நம்பித்தான் கேட்டேன்."

பிறகு, வீட்டில் பெண்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். காபி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் கடை ஆள் வந்தார். வேறு வண்டி பேசிவிட்டார்களாம், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிட வேண்டுமாம். வெற்றிலை பாக்கு, பத்திரிகை.

அவர் செய்ததில் தப்பில்லை. கல்யாணக் காரியத்தில் கண் என்ற பேச்சே வரக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். இருந்தாலும் இரவுச் சோறு இறங்கவில்லை.

20-2-56, திங்கள்

கல்யாணத்துக்கு மீ. மட்டும் தெருப் பெண்களோடு பஸ்ஸில் போய் வந்தாள். நான் வண்டிக்குக் கிரீஸ் போட வேண்டும் என்று இருந்துவிட்டேன். கிரீஸ் போன வாரம்தான் போட்டது.

ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருவர் மட்டும் நேராகக் கேட்டார், வண்டியை எப்போது விற்கப் போகிறேன் என்று. விற்கவில்லை என்றேன். விற்கும்போது முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஜீப் விளக்குக்காகவே வாங்கலாமாம்.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கல்யாண வண்டி எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனது. ஜன்னலிலிருந்து பார்த்தேன். பூவும் ஆளும் எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் இரண்டும் ஊசி ஊசியாகத் தெரிந்தது. அதிலும் ஒன்று தெரிந்தது: இடது விளக்கு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகிறது. இப்படியா திருப்பி வைப்பார்கள்.

செ. வந்திருந்தான். அவன் பஸ் விளக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறதாம், ஓய்வு நாளில் மில் சுவருக்குக் கொண்டுவர முதலாளியைக் கேட்டிருக்கிறானாம். நான் சுவரிடம் நின்று மேலே கீழே சொன்னால் போதுமாம். கிட்டத்தில் பார்க்கிற வேலைதானே அத்தான் என்றான். கொண்டு வா என்றேன்.

23-2-56, வியாழன்

பனி குறைந்துவிட்டது. காலையில் மீ. சாவி தந்தாள். ஸ்டாண்டில் இரண்டு மணி வரை ஒருவரும் வரவில்லை. கடைசி வண்டியாக நின்றேன்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு அம்மாள் வந்தாள். அறந்தாங்கிப் பக்கம். புருஷன் களத்து மேட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, ஒரு மாசமாகப் பெரியாஸ்பத்திரியில். நாளைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். முன்னால் நின்ற வண்டிகளிடம் பேசிவிட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி என்னிடம் வந்தாள். அவர்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவள் என் முகத்தை, கண்ணை, நன்றாகப் பார்த்தாள்.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு அங்கிட்டு சொல்றாங்க. நெசமா?"

சுற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொழுது சாஞ்சா தெரியாதும்மா. பகல்ல தெரியும். இருட்டுறதுக்குள்ள நான் ஊரு திரும்பிரணும், அதுக்குத் தக்கனதான் வருவேன்."

அவள் யோசித்தாள். மற்ற வண்டிக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்களாம். அந்த வேகத்தில் போனால் அவர் கால் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டாள்.

"கட்டுப் போட்ட காலு. குலுங்காமப் போகணும்."

"மெதுவாத்தாம்மா போவேன்."

"அப்பக் காலையிலயே வாங்க. ஆறரைக்கு."

பெரியாஸ்பத்திரி கேட், ஆறரை. காற்று பார்த்துவிட்டேன். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. காலுக்கு முட்டுக் கொடுக்க மீ. இரண்டு தலையணை எடுத்து வைத்திருக்கிறாள்.